ஒரு மடக்குப் புதுத்தண்ணீர்

இன்று காலை முத்துப்பேட்டையிலிருந்து பேருந்தில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தேன். உன் மாத்திரைகள். இன்னும் கிழிக்காத பட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியவை. மேலே உன் உம்மாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. "தம்பி, டாக்டர்கிட்ட காட்டிட்டு யாருக்காவது கொடுங்க."

பெட்டி முழுக்கக் கிராம்பு வாசனை. மாத்திரை போட்டால் வாயில் இரும்பு கசக்கிறது என்று எப்போதும் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பாய்.

இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எழுதும்போது 'நீ' என்று வந்துவிட்டது. திருத்தவில்லை.

அப்பாவுக்கு அம்மாவின் சிறுநீரகத்தை வைத்த வருடம். வீட்டில் மாடு, சேறு, கிணற்றுத் தண்ணீர். மூன்று மாதத்துக்கு ஊருக்குப் போகக்கூடாது என்றார் மருத்துவர். தஞ்சாவூரில் மூன்று மாதம் தங்க எங்களுக்கு இடம் ஏது? மருத்துவமனையின் பின்தெருவில் ஓர் அறக்கட்டளை வீடு இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஐந்து அறைகள். ஐந்து குடும்பங்கள். வாடகை கிடையாது, மாத்திரைக்கும் உதவுவார்கள். போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நீ திறந்தாய். பாதி மட்டும்.

"கையக் கழுவுங்க. அப்புறம் பேரு சொல்லுங்க."

நான் எம்.ஏ. தமிழ் என்று தெரிந்ததும் பெயரை மறந்துவிட்டாய். அன்றிலிருந்து 'புலவரே'தான். "புலவரே, காய வேகவச்சீங்களா, இல்ல அதுக்கும் உரை எழுதிட்டிருக்கீங்களா?"

உனக்கும் மாற்று சிறுநீரகம் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "எங்க உம்மாவோடது. அதான் இவ்வளவு பேசுது," என்றாய்.

பெரியப்பா வேன் பிடித்து வந்தது நினைவிருக்கிறது. நோயாளியை நேரில் பார்க்காவிட்டால் எங்கள் ஊரில் அது பெரிய குறை. பதினாறு பேர், இரண்டு குலை இளநீர். நீ வாசலில் நின்றுகொண்டாய்.

"ஜன்னல் வழியாப் பாருங்க. உள்ள யாரும் போகக்கூடாது."

"ஏம்மா, நாங்க என்ன நோயாளியா?"

"இல்லீங்க பெரியப்பா, அவங்கதான் நோயாளி. அதான்."

பெரியப்பாவே முதலில் ஜன்னல் பக்கம் போனார். ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து கையசைத்தார்கள். அப்பா உள்ளேயிருந்து முகக்கவசத்தோடு கும்பிட்டார், கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல. நீ அரிவாள் வாங்கிவரச் சொல்லி, கொண்டுவந்த இளநீரை அவர்களுக்கே வெட்டிக் கொடுத்து அனுப்பினாய். போகும்போது பெரியம்மா உன் கன்னத்தைத் தொட வந்தார். பின்வாங்கிச் சிரித்தாய். "எனக்கும் அதே சட்டம்தான் பெரியம்மா."

ஏழாவது வாரம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

அப்பாவுக்கு அது போனிலேயே தெரிந்துவிட்டது. வருடாவருடம் முதல் தண்ணீர் தலைமதகு தாண்டி வரும்போது நெல்லும் பூவும் தூவி, ஒரு கை அள்ளிக் குடித்த பிறகுதான் வயலில் இறங்குவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். இந்த வருடம் அவர் கட்டிலில். என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"ஒரு பாட்டில்ல கொண்டாந்து காட்டேன். பாத்துட்டுக் கொட்டிடறேன்."

கொண்டுவந்தேன். பார்க்க மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு ஒரு மடக்கு. நான் தடுக்கவில்லை. இத்தனைக்கும் தடுக்க நேரம் இருந்தது. அவர் முகம் அப்படி இருந்தது.

இரண்டாம் நாள் காய்ச்சல். நூற்றிரண்டு. மருத்துவமனையில் சேர்த்தோம். எங்கிருந்து கிருமி என்று தேடினார்கள். ரத்தம், சிறுநீர், படம் என்று ஒவ்வொன்றாக. "வெளியில எதுவும் சாப்பிடலயே?" என்று மருத்துவர் கேட்டார். "இல்ல சார்," என்றேன். அம்மா பக்கத்தில் நின்றார், வயிற்றுத் தையலில் கை வைத்தபடி. அவர் கொடுத்தது உள்ளே கெட்டுக்கொண்டிருக்கிறது. கெடுத்தது நான். அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நீ எங்கள் அறையில் நின்றிருந்தாய். கையில் அந்தப் பாட்டில். முக்கால்வாசித் தண்ணீர், அடியில் விரலளவு வண்டல்.

"இது கேன் தண்ணி இல்ல."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"நான் கடைமடைக்காரி புலவரே. எங்க ஊருக்கு இந்தத் தண்ணி கிழவியாகித்தான் வரும். இருந்தாலும் பாத்தா அடையாளம் தெரியும்."

உட்கார்ந்தாய். எதிரே என்னையும் உட்காரச் சொன்னாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ உன் கதையைச் சொன்னாய்.

அறுவை முடிந்து நான்காவது மாதம், மாமா மகள் மச்சிக்குக் கல்யாணம். நான்கு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் விருந்து. உனக்கென்று தனித்தட்டு வைத்திருந்தார்கள், மூலையில், மூடி போட்டு. "எல்லாரும் சேந்து சாப்பிடறாங்க, நான் மட்டும் விருந்தாளி மாதிரி. போய் உக்காந்துட்டேன். நாலே வாய்." மறுநாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். உம்மா மனசு உடைந்துவிடும் என்று மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.

"சாப்பிட்டதுல போகல. அந்த மூணு நாள்ல போச்சு. பாதி கிட்னி."

அதுவரை உனக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே நினைத்திருந்தேன்.

"இங்க ரெண்டு நாள்தானே ஆச்சு," என்றாய். "நீங்களே போய்ச் சொல்லுங்க. சொல்லலைன்னா நான் சொல்லுவேன். ஆனா நீங்க சொல்றதுதான் நல்லது. அப்பதான் உங்கம்மா முகத்தப் பாக்க முடியும்."

சொன்னேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நர்ஸ், "படிச்ச புள்ள," என்றார், அவ்வளவுதான். மருந்தை மாற்றினார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "சாப்டியா?" என்றார்.

அப்பா இப்போது வரப்பில் செருப்போடு நின்று வேலை சொல்கிறார். சேற்றில் இறங்குவதில்லை. புதுத்தண்ணீர் வரும் நாளில் நெல்லும் பூவும் அவர் கையால்தான். குடிப்பது மட்டும் நான்.

உன் மிச்சப் பாதி இரண்டு வருடம் தாங்கியது. மறுபடி டயாலிசிஸ். அப்போதும் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வந்து கதவைப் பாதி திறந்தாய். கடைசியாக வந்தது ஒரு நிமோனியா. ஐந்து நாள். ஜனாஸா அடக்கத்துக்கு நானும் அப்பாவும் வந்தோம். நீ போட்ட சட்டப்படி அப்பா முகக்கவசத்தோடு கூட்டத்துக்கு வெளியே, தெருமுனையில் நின்று அழுதார்.

வாரம் மூன்று நாள் அந்த வீட்டில் இப்போது நான் இருக்கிறேன். உன் நாக்கு எனக்கு இல்லை. வேன்கள் வந்தால் திணறுகிறேன். ஒன்றை மட்டும் உன்னிடமிருந்து எடுத்துவந்தேன் என்று நினைக்கிறேன். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை முகம் மாறாமல் இருப்பது. நினைத்ததைவிடக் கடினமான வேலை.

போன வாரம், கணவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்த ஓர் அம்மா, திருக்கடையூர்ப் பக்கம், சமையலறையில் சும்மா நின்றிருந்தார். வெண்டைக்காய் நறுக்காமல் கிடந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

நான் போகவில்லை. கத்தியை எடுத்து நறுக்கத் தொடங்கினேன். நான்கைந்து காய் போன பிறகு பேசினார்.

"அபிஷேகப் பால். அவருக்கு ஒரு ஸ்பூன்தான் கொடுத்தேன். சாமி பால்தானேன்னு..."

"எப்ப?"

"இன்னிக்குக் காலைல. நீங்க திட்டுவீங்கன்னு..."

"காலைலதானே," என்றேன்.

அவர் செருப்பைத் தேடினார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்தேன். பின்தெருவைத் தாண்டி மருத்துவமனைக்கு இருவரும் வேகமாக நடந்தோம். வழியெல்லாம் அவர், மருத்துவரிடம் சொல்லப்போவதை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.