ரதி கட்டிய பச்சைத் தாவணி

இன்று பள்ளிக்கூடத்தில் கலைவிழா. பிள்ளைகளுக்கு முகத்தில் அரிதாரம் பூசினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், பாடம் நடத்துகிறேன், உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

அரிதாரம் என்றால் நமக்கு, ரதியும் காமனுமாக ஆண்களே வேஷம் கட்டும் காமன் கூத்துத்தானே. வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இருந்த காலம். நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் பள்ளிக்குப் போனது நாம் இரண்டே பெண்கள். கணக்கில் உன்னை மிஞ்ச ஆளில்லை. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டால் கொழுந்துக் கூடையைத் தொட வேண்டாம் என்பதுதான் நம் இருவரின் கனவும். உன் அப்பா கூத்து மாஸ்டர். அந்த வருஷம் ரதி வேஷத்துக்கு என் அண்ணனைப் பிடித்துக் காப்புக் கட்டிவிட்டார். ஒத்திகைக்குச் சேலை கிடைக்காமல் உன் தீபாவளிப் பச்சைத் தாவணியை அவன் இரவல் வாங்கிப் போனான்.

காப்புக் கட்டியவர்கள் கூத்து முடியும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. ரதியான அண்ணனுக்கும் காமன் வேஷக்காரனுக்கும் அது எங்கே உறைத்தது? சாயங்காலம் ஒத்திகை முடிந்த கையோடு, வேஷத்தைக்கூடக் கலைக்காமல், எல்லைக்கு வெளியே ரோட்டிலிருந்த முஸ்லிம் நானா கடைக்கு டீயும் பீடியும் தேடி இறங்கிவிட்டார்கள். நல்ல பனிமூட்டம். வழுக்குகிறது என்று கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். எதிரே வந்த கங்காணி வீட்டம்மா முகத்தைப் பார்க்கவில்லை, தாவணியைப் பார்த்தாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு நல்லது என்று ஆளுக்கு ஒன்றுதான் இருக்கும். எது யாருடையது என்று தோட்டத்துக்கே மனப்பாடம்.

மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிப்பதற்குள் செய்தி மூன்று மலை தாண்டிவிட்டது. "ஹட்டனுக்குப் படிக்கப் போற புள்ள, ஒரு பயலோட கைகோத்துக்கிட்டுப் போகுது!"

கூத்து முடியும்வரை வாயைத் திறக்காதே, அப்புறம் நானே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணன் வந்து உன்னிடம் கெஞ்சினான். எல்லை தாண்டியது தெரிந்தால் கூத்து நின்றுவிடும். அந்த வருஷம் தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அவன் தலையில்தான் போடுவார்கள்.

"உங்கப்பாகிட்ட மட்டுமாவது சொல்லிடுடி," என்றேன்.

"நல்லாச் சொன்ன போ! காப்புக் கட்டுனதே அவருதான். கூத்து முடியட்டும்டி. அப்புறம் எல்லாரும் சேந்து சிரிக்கலாம்."

பஸ்ஸில் ஏறிய வதந்தி நமக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்விட்டது. அதுவரை நம்மைத் தோட்டக்காட்டுப் பிள்ளைகள் என்று ஒதுக்கிய கடைக்காரர் மகள்களும் கிளாக்கர் மகள்களும் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஆள் யார், ஆள் யார் என்று ஒரே நச்சரிப்பு. நீ சும்மா இருந்தாயா? ஒருத்தியிடம் ரயில்வேயில் வேலை என்றாய். இன்னொருத்தியிடம் கொழும்பில் படிக்கிறார் என்றாய். மூன்றாமவளிடம், "மூஞ்சி முழுக்கப் பவுடர் பூசுவாரு. என்னை விட அழகு," என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"ஏண்டி இப்படி அளக்குற?" என்று கேட்டேன்.

"இத்தனை நாளா எம் பக்கத்துல எவ உக்காந்தா? இப்பப் பாரு, இடம் புடிக்கிறாளுக!"

சிவன் கண்ணில் காமன் எரிந்து கூத்து முடிந்த மறுநாள், சொன்னபடி அண்ணன் உன் தாவணியைக் கட்டினான். பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பீலிக்கு, காமன் வேஷக்காரன் கையைப் பிடித்தபடி நடந்து வந்தான். "நல்லாப் பாருங்க. அன்னைக்குப் பனியில போனது நாந்தான்," என்றான். குடங்களைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எல்லாரையும் விடக் கங்காணி வீட்டம்மாதான் அதிகம் சிரித்தாள். "ஆத்தாடி, இந்தத் தடியனையா நான் பொண்ணுன்னு நெனச்சேன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீயும் சிரித்தாய். எல்லாம் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சுல்ல? நெசமோ பொய்யோ, எம் பொண்ணு பேரு ஊரு வாயில ஏறிடுச்சு. நாளைக்கு ஆபீசுல பேரு பதியப் போறோம். படிச்சது போதும்," என்றார்.

பேர் பதிவது என்றால் கொழுந்துக்குப் போவது. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்குப் பேசியிருக்கக் கூடாதா என்று இன்றும் உன்மேல் எனக்குக் கோபம். மறுநாள் தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலை ஏறினாய். எனக்குப் பள்ளித் துணைக்கு யார் வந்தார்கள் தெரியுமல்லவா? என் அண்ணன்தான். எல்லை தாண்டியதற்கு அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் அவனே ரதி. என்ன அழகு, என்ன அழகு என்று மாலை போட்டார்கள்.

நான் டீச்சராகித் தோட்டத்தை விட்டுப் போனேன். நீ கொழுந்து எடுத்தாய், கல்யாணம் கட்டினாய், ஒரு மகளைப் பெற்றாய். போன மாதம் காய்ச்சலில் போயும் விட்டாய்.

உன்னைத் தூக்கிப் போன பிறகு, வாசலில் பெண்கள் சிலர் குந்தியிருந்தார்கள். "பாவம், நல்லவதான். சின்ன வயசுல எவனோடவோ பனியில கைகோத்துப் போனாளே, அவதானே இவ?" என்றாள் ஒருத்தி. அண்ணன் தாவணியோடு பீலிக்கு வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அது மறந்துபோய்விட்டது. பனியில் தான் பார்க்காதது மட்டும் நினைவிருக்கிறது.

உன் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். என்ன கேட்கப் போகிறாளோ என்று பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. "டீச்சர், நீங்க எங்கம்மாவுக்கு எப்புடிப் பழக்கம்?" என்றாள்.

"ஒண்ணாப் படிச்சோம்மா. ஹட்டன்ல. உங்கம்மாதான் கணக்குல முதலாவது."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எங்கம்மா பள்ளிக்கூடம் போனாங்களா?"