நடுவில் போகிற தண்ணீர்

அடி அண்ணாமலை,
2-3-2025

அன்பு மகள் அருணாதேவிக்கு,

அப்பா எழுதுவது. இது யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. முதியோர் வகுப்பில் ஜோதியம்மாள் டீச்சர் சொல்லிக் கொடுத்து, என் கையாலேயே எழுதுகிறேன். இதுவரை வருவதற்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது. ‘ஞ’ மட்டும் இன்னும் வளைய மாட்டேன் என்கிறது.

போனில் பேசினால் பேச்சு காற்றோடு போகிறது. கடிதம் என்றால் உன் அம்மா படத்துக்குக் கீழே வைத்து மறுபடியும் படிக்கலாம். அதனால் நீயும் எழுது. ஜெர்மனியில் உனக்கு என்ன வேலை என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். “ஏதோ கரண்ட் வேலை” என்கிறேன். ஆடியோடு முடித்துக்கொண்டு வந்துவிடுவாய் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
சடையன்
(கையெழுத்துதான். கைநாட்டு இல்லை.)


ஆகன், ஜெர்மனி,
30-3-2025

அன்புள்ள அப்பா,

கவர் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்து லேபிலேயே அழுதுவிட்டேன்.

என் வேலை இதுதான். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு சந்து. அதில் மருந்து கலந்த தண்ணீர் ஓடும். தகட்டில் உரசுகிற தண்ணீர்தான் கரண்டை வாங்கிச் சேமிக்கும். நடுவில் போவது எதையும் தொடாமல் நேராக வெளியே போய்விடும். அதனால் சந்துக்குள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை வைக்கிறேன். தண்ணீர் அவற்றில் மோதிச் சுழன்றால், நடுவில் இருப்பது ஓரத்துக்கு வரும். துண்டு பெரிதானால் பம்பு திணறும். திணற விடாமல் திருப்பும் வடிவம்தான் இன்னும் அகப்படவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் இருந்து பார் என்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அங்கே தனியாக இருக்கிறீர்கள். ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.

உங்கள்,
அருணா


அடி அண்ணாமலை,
15-5-2025

அன்பு மகளுக்கு,

உன் வேலை புரிந்துவிட்டது!

சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை கொள்ளாத ஜனம். அத்தனையும் நடு ரோட்டிலேயே போகிறது. ஓரத்தில் இருக்கும் நம் சுக்குக் காபிக் கடையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சைத் தூக்கி ரோட்டில் குறுக்கே போட்டேன். ஜனம் மோதிப் பிரிந்து நேராகக் கடை வாசலுக்கு வந்தது. காபி தீர்ந்தே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் ஜோதியம்மாள் ஓடி வந்து, “சடையண்ணே, காபி விக்கிறீங்களா, ரோட்டை மறிக்கிறீங்களா? பின்னால பாருங்க!” என்று கத்தினார். பார்த்தேன். பின்னால் ஜனம் நெருக்கியடித்துத் திணறுகிறது. ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டேன்.

‘வா’ என்று எழுதி உனக்கு ஒரு தாள் மடித்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைக் கிழித்துவிட்டேன். நீ இரு. அந்த வடிவத்தைக் கண்டுபிடி.

அப்பா,
சடையன்


அடி அண்ணாமலை,
12-7-2025

அருணாவுக்கு,

இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் போனில் சொன்னாய். நல்லது என்றேன். அதோடு போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஆனிப் பௌர்ணமிக்கும் நல்ல கூட்டம். நடுவில் ஒரு பெண், உன்னைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனது. கூப்பிட வாயெடுத்தேன். அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ‘ஞ’ நன்றாக வளைகிறது. பக்கம் நிறைய எழுத வருகிறது. எழுதத்தான் வேறு ஆள் இல்லை. நீ பதில் போடாவிட்டாலும் நான் போடுவேன்.

பெஞ்சு ஓரத்தில்தான் கிடக்கிறது. மறுபாதியைக் காலியாக விட்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா,
சடையன்