செட் மாத்திரை போடாத மாதம்

நவம்பர் 6, வியாழன்

காலையில் நல்ல மழை. லேப் வாசலெல்லாம் கரிசல் சேறு. நானே கழுவினேன், வேறு யார் கழுவ?

மதுரை டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு ஒரு சாம்பிள். செல்வி, ஊர் இடைசெவல், வயது 29. எண்டோமெட்ரியோசிஸ், ஸ்கேனில் கட்டி; மதுரையில் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். கருப்பையின் உள்சவ்வு போல ஒன்று வெளியே வளர்ந்து மாதாமாதம் புண்ணாகும். நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூடி அழற்சியைக் கூட்டும். அதன் தடயம் ரத்தத்தில் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மாதவிடாயின் இரண்டாம் நாள் கையில் எடுக்கும் ரத்தம். அதற்கு முந்தின ஐந்து நாள் வலி மாத்திரை கூடாது. போடவில்லை என்றாள். நன்றாகத்தான் நடந்து வந்தாள்.

மாலையில் அவள் வீட்டுக்காரர் மாரியப்பன் வந்து ரிசல்ட் என்ன என்று கேட்டார். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. டெஸ்ட் நார்மல் என்று சொல்லித் தொலைத்தேன். ஆராய்ச்சி ரிசல்ட்டை வெளியே சொல்லவே கூடாது. சந்தோஷமாகப் போனார்.

நவம்பர் 8, சனி

சுள்ளென்று வெயில். செல்வியின் வெள்ளணுக் கணக்கு இடிக்கிறது. நியூட்ரோஃபில் கூடுதல், லிம்போசைட் குறைவு. ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு வருகிற மாதிரி. போன் போட்டேன்.

"வலி மாத்திரை தொடவே இல்லக்கா. களையெடுக்கப் போகையில எல்லாரும் போடுத செட் மாத்திரைதான். அதுவுமா கணக்கு?"

மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் நாலு உதிரி மாத்திரை. பெயர் கிடையாது. அதில் ஒன்று வலிக்கு. சின்ன வெள்ளை, ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். நானே எத்தனை முறை விழுங்கியிருக்கிறேன்! கேட்கத் தோன்றவில்லையே, மடச்சி.

சாம்பிள் வீணானால் போகட்டும். அவள் அடுத்துச் சொன்னதுதான் சுட்டது: "எங்க வீட்டுக்காரவ ஆபரேஷன் வேண்டாம்னுட்டாவ. எல்லாம் நார்மலாம், நான் நடிக்கேனாம்."

என் வாயால் வந்த வினை.

நவம்பர் 9, ஞாயிறு

மாரியப்பனுக்குப் போன். அந்த டெஸ்ட் வலியை அளக்காது, ஸ்கேனில் கட்டி தெரிகிறதே என்றேன். மாற்றி மாற்றிப் பேசுவதாகக் கோபித்தார். அடுத்த மாதம் மறு சாம்பிளுக்கு நீங்களே கூட்டி வாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். செல்வியிடம் தனியாக: தாங்க முடியாவிட்டால் மாத்திரை போடு, ஆராய்ச்சி கிடக்கட்டும்.

வாங்க: பஞ்சு, கையுறை, பினாயில்.

டிசம்பர் 4, வியாழன்

தூறல். பஸ்ஸில் வந்தார்கள், பைக்கில் உட்கார முடியவில்லையாம். செல்வி இரண்டாக மடங்கி, அவர் தோளைப் பிடித்துப் படியேறினாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஐந்து நாளாக ஒன்றும் போடவில்லை. ஊசி குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை.

மாரியப்பன் கதவோரம் நின்று கேட்டார்: "கல்யாணமான ஆறு வருசமா மாசாமாசம் இப்படித்தானா?"

"மாத்திரை போட்டுட்டுத்தான் உங்களுக்குச் சோறு பொங்குனேன்."

அவர் வெளியே போய்த் தூறலில் நின்றார். திரும்பி வந்து மதுரை ஆஸ்பத்திரி நம்பர் கேட்டார். ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்கவில்லை.

மாலை ஆறு மணி. மெஷின் முடித்தது. சி.ஆர்.பி. இன்றும் நார்மல். வாயை மூடிக்கொண்டு ஃபைலில் எழுதினேன்.