நினைவு மலரில் நான் வெட்டிய பக்கம்

அன்புள்ள மகள் நிரோஷினிக்கு,

ஆண்டவர் துணையால் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, இங்கே கனடாவில், ரூஜில் பனி கொட்டுகிறது, மெல்பேண் வெயிலில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசையும் சாப்பாடும் நன்றாக நடந்தது. அம்மா கேட்டாவென்று போன வருடம் நீ தட்டச்சு செய்து அனுப்பினாயே, என் பூட்டன் சீமோன் வாத்தியாரின் பயண நூல், அதையே நினைவு மலராக அச்சடித்துக் கொடுத்தேன். நூற்று நாற்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார்வரை காட்டுவழியே நடந்து, குளங்களினதும் இடிந்த கோயில்களினதும் வரலாற்றைக் கேட்டு எழுதிய மனிதரென்று எல்லாரும் புகழ, எனக்கும் தலைக்கனம் ஏறியது. உனக்கும் ஒன்று தபாலில் வருகிறது. அதில் ஒரு பக்கம் இல்லை, நீ கண்டுபிடிக்கமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

சூசையரைப் பற்றிய பக்கம்தான். அவர் கள் இறக்கும் தொழில் செய்தவர், வழிகாட்டியதும் பழைய கதைகளைச் சொன்னதும் அவரே, இந்நூலிற் பாதி அவருடையது என்று பூட்டன் எழுதியிருந்தார். சொந்தக்காரர் என்ன கதைப்பார்களோ என்று பயந்து அதை நான் அழித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். வேறு சாட்டு என்னிடம் இல்லை.

சாப்பாட்டு நேரம், அம்மாவோடு வேலை செய்த மரியரட்ணம் என்பவர் மலரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அண்ணை, வாத்தியாரோட நடந்த சூசையர் எங்கட பூட்டன். அவற்ர பேர் புத்தகத்திலை இருக்கெண்டு எங்கட அம்மா சாகுமட்டும் சொன்னவ. உதிலை காணேல்லை" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தே, "அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி" என்றேன். தன் அம்மா வயதுபோய் மாறிச் சொல்லியிருப்பா என்று அவரே சொல்லி, மலரைக் கவனமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். உன் அம்மாவின் நினைவு நாளில் இன்னொருவரின் செத்த தாயைப் பொய்க்காரியாக்கிவிட்டேன் மகள். மலரில் அம்மாவின் படத்தைப் பார்க்கவே கூசுகிறது. அந்தக் காலத்து வாத்தியார் துணிந்து எழுதிய பெயரை, நாற்பது வருடம் கனடாவில் இருந்த நான் வெட்டினேன்.

என்னிடமிருந்ததை அழித்துவிட்டதால் அந்தப் பக்கம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, உடனே அனுப்பு. ஞாயிறு பூசை முடிய யூனியன்வில்லில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வெட்டியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தொலைபேசி எடுக்காதே.

இரவில் தனியாகக் கார் ஓடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவின் ஆசீர் உனக்கு என்றும் உண்டு. என்னுடையது இப்போது எவ்வளவு பெறுமதியென்று தெரியவில்லை, இருந்தாலும் தருகிறேன்.

வெட்கத்துடன்,
உன் அப்பா
அகஸ்ரின்