லாபம், ரெண்டு, மூணு

2025 மே 4, ஞாயிறு
நான் வேலை செய்யும் போட்டோகொப்பி கடைக்கு இன்று லீவு. தெரணியகலை முழுக்க மழை. அம்மா அடுப்படியில் விறகு அடுக்கினாள். "லாபம், ரெண்டு, மூணு..." ரப்பர் தோட்டத்தில் பால் வாளி எண்ணிய காலத்துப் பழக்கம். ஒன்று என்று சொல்ல மாட்டாள். "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுரும்டி தர்மிளா" என்பாள்.

எனக்கும் அதே வாய்தான். அந்த வாயால்தானே கெட்டேன்.

மே 6, செவ்வாய்
நூரியா போன் பண்ணினாள். கொழும்பில் எங்கள் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தவள். 2020இல் நின்றுபோன சுற்றுலாப் படகு மறுபடி ஓடப் போகிறதாம். "ஆளுங்கள எண்ணி ஏத்துறதுக்கு ஒன்ன மாதிரி ஒருத்தி வேணும், வா புள்ள. படகு ஓட்டவும் ஆள் தேடுறாங்க" என்றாள்.

படகு ஓட்ட ஆள் என்றதும் எனக்கு யார் ஞாபகம் வரும் என்று அவளுக்கா தெரியாது? வேண்டுமென்றே சொல்லியிருக்கிறாள், கள்ளி.

மே 7, புதன்
நாள் முழுக்க, எங்கள் படகு ஓடிய பேர வாவிதான் கண்ணுக்குள். சாயந்தரம் ஐந்தரை மணி ட்ரிப். கொம்பனித்தெருப் பக்கம் ரயில் போகும். கூழைக்கடாக்கள் மரத்துக்குத் திரும்பும். உயரமான கட்டிடங்களில் ஒவ்வொன்றாக லைட் எரியும், அத்தனையும் தண்ணீரில் தெரியும். வாவி நாறும், அது வேறு கதை. வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே போட்டோ எடுப்பார்கள்.

முதல் நாள் நான் ஆட்களை எண்ணுவதைக் கேட்டு, படகு ஓட்டின காளிதாஸ் திரும்பிப் பார்த்தார். பலாங்கொடை பஜாரில் கடை வைத்திருந்த குடும்பம். "எங்கப்பா அரிசி அளக்குற மாதிரியே எண்ணுற. எந்தத் தோட்டத்துப் புள்ள?" என்றார். கொழும்பில் என்னிடம் தமிழில் தோட்டம் கேட்ட முதல் ஆள்.

நாலு வருடம் ஒரே படகு, ஒரே சாப்பாட்டுப் பொதியில் பாதி பாதி. அதற்கு மேலே ஒரு வார்த்தை இரண்டு பேரும் பேசவில்லை. பேச வேண்டியதாகவும் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனே, அப்போது தெரியவில்லையே.

மே 12, திங்கள். வெசாக் பண்டிகை
தோட்டத்து லயத்தில் பிள்ளைகள் விளக்குக் கூடு கட்டியிருக்கிறார்கள். நான் வெளியே போகவில்லை. இன்றாவது எழுதிவிடுகிறேன்.

2018 டிசம்பர். வாவி நடுவில் இருக்கும் திட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, அரைமணி கழித்துத் திரும்பக் கூட்டி வர வேண்டும். போகும்போது எண்ணத் தொடங்கினேன். "லாபம்" என்றேன். அதற்குள் ஒரு அம்மா, "நங்கி, டொய்லட் எக்க கொஹெத?" என்று சிங்களத்தில் கேட்டார். கக்கூஸ் இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று தொடர்ந்தேன். லாபம் என்ற ஆள் கணக்கிலேயே வரவில்லை. ஏறியது இருபத்துநாலு பேர், நான் எழுதியது இருபத்துமூன்று. வரும்போது சரியாக எண்ணினேன், இருபத்துமூன்று. சரி, போகலாம் என்றேன்.

குருநாகலில் இருந்து தனியாக வந்த ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர் அந்தத் திட்டிலேயே நின்றுவிட்டார். முக்கால் மணி நேரம், கொட்டும் மழையில். கூட்டி வந்தபோது அவர் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது.

ஒபிசில் யார் எண்ணியது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சேர்" என்றார் காளிதாஸ். அவரை அன்றைக்கே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த மாதம் கண் ஒப்பரேஷன், என் சம்பளம் போனால் நடக்காது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். நின்னேனே பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயா வெந்துபோயிருக்கும்?

மே 13
நூரியாவிடம் கேட்டுவிட்டேன். காளிதாஸ் கித்துல்கலயில், ஆற்றில் ரப்பர் படகு விடும் இடத்தில் வேலை செய்கிறாராம். இவ்வளவு பக்கத்திலா?

மே 17, சனி
போவதா வேண்டாமா? போய் என்ன சொல்ல? கலியாணம் ஆகியிருந்தால்?
ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும். இதைச் சொல்லாமல் கொழும்புக்குப் போய் அந்தப் படகில் கால் வைக்க முடியாது.

மே 18, ஞாயிறு
கரவனல்லைக்குப் போய் ஹட்டன் பஸ் ஏறினேன். கித்துல்கலயில் இறங்கினால், ஆற்றங்கரையில் ஹெல்மெட் போட்ட ஒரு கூட்டம். அவர்களுக்கு முன்னால், முதுகு காட்டிக்கொண்டு ஒருவர், தலைமுடி பாதி நரைத்து. அந்தக் குரல். "லாபம், ரெண்டு, மூணு..."

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

படகு போனபிறகு திரும்பினார். "தர்மி!" என்றார். நலம் விசாரிக்கக்கூட விடாமல் கொட்டிவிட்டேன். "அன்னைக்கு நான்தாங்க தப்பா எண்ணினேன். லாபம்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் ஒண்ணுன்னு..."

"தெரியும்" என்றார். "எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"லாபம்னு சொன்ன, அப்புறம் ஒண்ணுன்னு சொன்ன. சிரிப்பு வந்துச்சு. எறங்கினதும் கேலி பண்ணுவோம்னு நெனச்சேன். மறந்துட்டேன். காதால கேட்டும் சும்மா இருந்தவன் நான். அதான் ஒபிசில நான்தான்னு சொன்னேன்."

ஆறரை வருஷம்! எனக்கு வந்ததே கோபம். "இத ஒரு போன்ல சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

"நீ ஒரு வார்த்த பேசல. கோவமா இருக்கன்னு நெனச்சேன். நீயும்தான் போன் பண்ணியிருக்கலாமே?"

அழுதேன், எல்லோரும் பார்க்கத்தான். அவர் பிளேன்டீ வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு கப் இல்லை, ஒன்றுதான். பாதி குடித்துவிட்டு நீட்டினேன். பழக்க தோஷம்.

பஸ் ஏறும்போது, "நூரியா எனக்கும் போன் பண்ணினா" என்றார். கள்ளி!

மே 19
அம்மாவிடம் சொன்னேன். "பலாங்கொடக்காரனா? வீட்டுக்கு வந்தா டீக்குச் சீனி எப்படி போட்டுக் குடிப்பான்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 14, சனி. கொழும்பு
முதல் ட்ரிப். புதுப் பெயின்ட் வாசனை. வாவி அப்படியேதான் நாறுகிறது.
ஆட்கள் ஏறினார்கள். லாபம், ரெண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். முடித்ததும், படகு ஓட்ட வந்திருந்த காளிதாஸைப் பார்த்தேன். எஞ்சினைத் தொடவே இல்லை. திரும்பி உட்கார்ந்து, வாய் மட்டும் அசைய, அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.
"எத்தன?" என்றார்.
"இருபத்தொண்ணு."
"எனக்கும் இருபத்தொண்ணு."
அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினார்.