பள்ளிவரி நீக்கிய நெய்தலங்கரைச் சபையார்க்கு

திருவும் நலமும் சூழ்க. ஏழாற்றுத் தலைவியும், கடல்துறைக் காவலுடையாளும், தண்புனல் நாட்டு அரியணை அமர்ந்தாளுமாகிய செங்கதிர் நாச்சியார், நெய்தலங்கரை ஊர்ச்சபையார்க்கு எழுதுவிக்கும் ஓலை. உங்கள் துறை நாடும் மரக்கலங்கள் சேதமின்றிக் கரை அணைக. உங்கள் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க.

பெருவணிகர் நன்னாகனார் ஊர்ப்பள்ளியின் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார் என்றும், ஆகவே பள்ளிவரி இனி வேண்டுவதில்லை என்று சபை கூடித் தீர்மானித்தது என்றும் நீங்கள் விடுத்த ஓலை கண்டோம். வரியில்லா ஊர் என்று அக்கம்பக்கத்தில் மார்தட்டிக்கொள்கிறீர்களாமே! நாமும் மகிழ்ந்தே இசைந்திருப்போம். ஆனால் உங்கள் ஊர் வந்து திரும்பிய நம் தூதர் கீரனார் சொன்னதைக் கேட்டபின் எமக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைகள் யாவரும் காலையில் நன்னாகனார் வாசலில் வரிசையாக நின்று, அவர் வெளியே வரும்வரை காத்திருந்து, கும்பிட்ட பின்பே படிக்கப் போகிறார்கள் என்றார். அதையும் நன்றியறிதல் என்று பொறுத்திருப்போம். ஆனால் பள்ளிச் சுவருக்கு வெளியே ஒரு பெண்பிள்ளை நின்று, உள்ளே நடக்கும் பாடத்தைத் தானும் முணுமுணுத்துக்கொண்டிருந்ததாம். தோணிக்காரர் உலகனின் மகள் பூவை. ஏன் உள்ளே போகவில்லை என்று தூதர் வினவ, "எங்கப்பா நன்னாகனார் குடுக்கற கொஞ்சக் கூலிக்கு அவரு சரக்கத் தோணியில ஏத்த மாட்டேன்னுட்டாரு. அதனால எனக்குப் படிப்பு கிடையாதாம்" என்றதாம் குழந்தை. ஆசிரியரோ, தாம் உண்பது வணிகர் சோறென்றும், தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்றும் தலைகுனிந்தாராம்.

நன்னாகனார் கொடையாளர்தாம், மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பவர் மனம் கோணினால் கதவு சாத்திக்கொள்ளும் பள்ளி ஊர்ப்பள்ளி ஆகுமா? இன்று உலகனின் மகள். நாளை உங்களில் எவர் வீட்டுப் பிள்ளையோ! வலைஞர் வரியாகத் தரும் ஒரு கூடை மீனும், உப்பளத்தார் தரும் ஒரு படி உப்பும் சிறியவைதாம். ஆயினும் தந்தவர், என் பிள்ளையை ஏன் வெளியே நிறுத்தினாய் என்று நிமிர்ந்து கேட்கலாம். அந்த உரிமையையும் அல்லவா வரியோடு சேர்த்துக் கைகழுவிவிட்டீர்கள்! வரி கசக்கும் என்பதை நாம் அறியாமல் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அதைக் கேட்டு ஆளனுப்ப எமக்கே நா எழுவதில்லை.

இருந்தும் ஆணையிடுகிறோம். பள்ளிவரி அவரவர் வசதிக்கேற்ப மீண்டும் விதிக்கப்படுக. நன்னாகனார் கொடையாகத் தந்ததை இனி வரியாகத் தருக. அதற்கு வாசலில் கும்பிடு வேண்டா. ஆசிரியர்க்கு உணவு சபைக் களஞ்சியத்திலிருந்து அளக்கப்படுக. இதுகாறும் வரிவிலக்குப் பெற்றிருந்த எம் கடற்கரை மாளிகையும் தென்னந்தோப்பும் இவ்வாண்டு முதல் உங்களுக்கு வரி செலுத்தும். தவறினால் எம்மையும் விடாமல் கேளுங்கள்.

வரி வந்து சேரட்டும் என்று காத்திராமல், இவ்வோலை படிக்கப்படும் நாளன்றே பூவை எவர் வாசலிலும் நிற்காமல், தன் வீட்டிலிருந்து நேரே பள்ளிக்குள் செல்க. தடுப்பவர் எம்மைத் தடுத்தவராவார்.

அலைமேல் அன்னம் பொறித்த முத்திரை இட்டோம். ஓலை கொணரும் கீரனார், அக்குழந்தை உள்ளே சென்று அமர்வதைக் கண்ணால் கண்ட பின்பே ஊர் திரும்புவார்.