முதுகில் விழுந்த சிவப்புக் கோடுகள்

அன்பு மகள் வெனிங்குக்கு அப்பா எழுதுவது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஒரு வருடமாகப் போனில் உனக்குச் சொல்லிவந்த பொய்யும் அதுதான் என்பதால் எழுதவில்லை. பதறாதே, அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். போனிலேயே சொல்லிவிடலாமே என்றேன். நீங்க கத்துவீங்க, அவ நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லி போன வெச்சிருவா, எழுதுங்க என்றாள். சரிதான், நான் கத்துவேன்.

மழை பிடித்துக்கொண்டது, சமையலறை ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது, மாற்றினேன். ஐஸ் ஆலையில் இரண்டாவது கம்ப்ரஸர் பேரிங் போய் மூன்று நாள் அங்கேயே கிடந்தேன், முதலாளி புதியது வாங்கமாட்டேன் என்கிறார், போகட்டும். எதிர்வீட்டு வாஹித் மகள் கல்யாணத்துக்கு அம்மா ஏன் போகவில்லை என்று கேட்டாயே, வயிற்றுவலி என்றேன், அதுவும் பொய். அன்றைக்கு அம்மா, தான் புடவை மாதிரிச் சுற்றும் அந்த நல்ல பாத்திக் துணியை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், உடுத்தவில்லை.

இப்போது இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் உன் அறைத்தோழி தியுர்மா. போன வாரம் எனக்குப் போன் செய்தாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள். "அங்கிள், உங்க பொண்ணு முதுகுல இனிமே காசால சுரண்ட இடமே இல்ல. வாரத்துக்கு மூணு தடவ காத்து ஏறுது அவளுக்கு. எனக்குக் கைதான் வலிக்குது, நல்ல தைலமா ஒரு பாட்டில் அனுப்புங்க" என்றாள். அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு வாசலில் பைக் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உன் அம்மா முதுகிலும் ஒரு வருடத்துக்கு முன் இதே கதைதான் நடந்தது வெனிங், காசால் சுரண்டியவன் நான்.

போன நோன்பு முடிந்த கையோடு தொடங்கியது. தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை, தலை கனம், குளியல் தொட்டி ஓரத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன என்று கேட்டால் காத்து ஏறிடுச்சுங்க என்பாள். உடம்புக்கு எது வந்தாலும் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்பதுதானே நம் ஊர்ப் பேச்சு, அதற்கு மேல் யார் கேட்கிறார்கள், தைலத்தைத் தடவி அந்தத் தடித்த பழைய நூறு ரூபியா காசால் முதுகைச் சுரண்டினேன். கோடு எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டதுதானே. குளிர்பதன டிப்ளமா வாங்கிய உன் அப்பா என்ன செய்தேன் தெரியுமா, ஒவ்வொரு முறையும் முதுகைப் போனில் படம் எடுத்து, தேதி போட்டு, நிறத்தை ஒப்பிட்டேன், கேஜ் பார்ப்பதுபோல. கருஞ்சிவப்பாக இருந்தால் நிறைய வெளியேறிவிட்டது என்று திருப்தி. அறுபது படத்துக்கு மேல் சேர்ந்தது. முகத்தை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

அவள் வேறு சொல் சொல்லாததற்குக் காரணம் உண்டு, அது உனக்குத் தெரியாது. அவளுடைய தாய்மாமன் ஒருவரைப் புத்தி பிசகிவிட்டது என்று பின்கட்டு அறையில் காலில் மரக்கட்டை மாட்டிப் பதினோரு வருடம் வைத்திருந்தார்கள். சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் அம்மாதான், எட்டு வயதிலிருந்து. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் காற்றுதான். காற்று ஏறியவரை யாரும் பூட்டிவைப்பதில்லை.

ஒருநாள் மத்தியானம் ஆலையிலிருந்து வந்தால் வீடு முழுக்கப் புகை. சோற்றுப் பானை கரிந்து கிடக்கிறது, அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கத்தினேன். கருகறது தெரியுதுங்க, எழுந்திருக்கத்தான் முடியல என்றாள். அன்றைக்குத்தான் பயந்தேன். அப்போதும் நான் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனது காற்றுக்கு ஊசி போடச் சொல்லித்தான். அங்கே கந்தி என்று ஒரு நர்ஸ், என் வயதுதான் இருக்கும். முதுகைப் பார்த்தார். மறுபடி சுரண்டினால் இன்னும் சிவக்கிறது, அப்படியானால் உள்ளே இருக்கிறது என்று நான் விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் என் கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி, தைலம் தடவி, காசால் பத்து இழுப்பு இழுத்தார். "பாருங்க சார், உங்களுக்கும் செவந்துருச்சு. உங்களுக்கும் காத்தா?" என்றார். எவன் தோலைத் தேய்த்தாலும் சிவக்கும், அடியில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய் உடைவது அது. பட்டறையில் ஒரு மீட்டரைச் சோதிக்காமல் நம்ப மாட்டேன், இதை மட்டும் நினைவு தெரிந்த நாளிலிருந்து சோதிக்காமலே நம்பியிருக்கிறேன்.

பிறகு அவர் அம்மா பக்கம் திரும்பி, சோறு குழம்பு பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். "சாகணும்னு தோணுதாம்மா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது, இல்லாததைக் கிளப்பாதீங்க என்று எழுந்தேவிட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "தோணுது. ரெண்டு மாசமா." அந்த இரண்டு மாதமும் வாரம் மூன்று முறை அவள் முதுகுக்குப் பின்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்காவிட்டால்தான் அது தனியாகக் கிடந்து வளரும் என்று கந்தி பிறகு சொன்னார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை, நிறுத்திவிடலாம் என்று நான்தான் அவசரப்பட்டேன், அவள் நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறாள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொல்லமாட்டேன். சில நாள் சமைக்கிறாள், சில நாள் நான் சோயா தெம்பே பொரித்து வைக்கிறேன்.

இனி உன் விஷயம். தியுர்மாவைத் துருவிக் கேட்டேன். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறதாம், ஷிப்ட் முடிந்து வந்தும் கண் மூடுவதில்லையாம், ஞாயிற்றுக்கிழமை யாரோடும் வெளியே போவதில்லையாம், கம்பெனி லைனில் ஈயத்தைத் தப்பாகப் பற்றவைத்ததற்கு சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்திருக்கிறானாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் காட்டவேண்டும் என்று கந்தி சொன்னார், உனக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். சோம்பல், வீட்டு ஏக்கம், கம்பெனி ஏசிக் குளிர் என்று எனக்குப் பெயர் சொல்லாதே. பாத்தாம் தீவில் உன் விடுதிக்குப் பக்கத்திலேயே சுகாதார நிலையம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன், மனநலம் பார்ப்பவர் செவ்வாயும் வியாழனும் வருகிறார், காப்பீட்டு அட்டை போதும். அங்கே போய்க் காற்று என்று சொல்லாதே, தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, இத்தனை நாளாக, என் அம்மாவுக்கும் இது உண்டு என்று சொல். கம்பெனிக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தால், போகட்டும். உன்னை யாரும் எந்த அறையிலும் பூட்டமாட்டார்கள், அதற்கு நான் இருக்கிறேன். தியுர்மாவிடம் உன்னைத் தனியாக விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அவள்மேல் கோபப்படாதே, என்மேல் படு.

எனக்குச் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாது. உனக்குச் சாகணும் என்று தோன்றுகிறதா வெனிங்? ஆம் என்றால் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, இதைப் படித்த இடத்திலிருந்தே போன் செய், தியுர்மாவைக் கூப்பிட்டு அவளோடு உடனே டாக்டரிடம் போ. இல்லை என்றாலும் போன் செய். நான் கத்தமாட்டேன்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். மாமன் கதையை எழுதியிருக்க வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இந்த இடத்தை எனக்கு விடுங்க என்றாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

கண்ணு, எனக்குத் தோணுச்சு. இப்பவும் சில நாள் தோணுது. அன்னிக்கு வெளிய சொல்லிட்டேன், அதனாலதான் இருக்கேன். நீயும் சொல்லிரு.

உன் உடம்பும் மனசும் இறைவன் காவலில் இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. சனிக்கிழமை மாலை வரை உன் போன் வராவிட்டால் திங்கட்கிழமை கப்பலில் நான் ஏறுகிறேன், லீவு வாங்கியாகிவிட்டது. தைலம் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா ஹந்தோகோ,
அம்மா முர்த்தினி,
புரோபொலிங்கோ.